பழுது பார்க்கும் கையும் எழுதும் கையும்

கடற்பயண நூல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் புயலையே தேடிச் செல்கின்றனர். அலை எவ்வளவு உயரம் எழுந்தது, பாய்மரம் எப்போது முறிந்தது, தனித்துப் போனவன் எத்தனை நாள் கரை காணாதிருந்தான் என்பவையே மதிப்புரைகளில் இடம் பெறுகின்றன. பழைய பாய்மரப் படகு ஒன்றைத் தனதாக்கி, அதைச் செப்பனிட்டு, அதிலேயே நெடும்பயணம் போனவர்கள் எழுதிய நூல்களை இவ்வாறு படிப்பது, அவற்றின் உயிர்நிலையைத் தவறவிடுவதாகும் என்பது என் எண்ணம். அந்நூல்களில் புயல் வீசும் பக்கங்களைவிடப் பலகை மாற்றும் பக்கங்களே உயர்ந்து நிற்கின்றன. புயலை மிகைப்படுத்தி எழுதலாம். மறுத்துரைக்கச் சாட்சி இல்லை. ஒழுகும் இடுக்கை அடைத்த கதையை அப்படி எழுத முடியாது. அடைப்பு சரியில்லை என்றால் அடுத்த அத்தியாயத்திலேயே தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

முசரவாக்கத்திலிருந்து மாமல்லபுரக் கரையை அடைய எழுபது கிலோமீட்டர் அளவில் பயணம் செய்ய வேண்டும். காஞ்சியைச் சுற்றியுள்ள இவ்வூர்களில் இருப்போருக்கு இத்தகைய நூல்கள் எதற்கு என்று கேட்பவர் இருக்கலாம். அவர்களுக்குத் தறியைக் காட்டினால் போதும். பாட்டனார் வைத்த குழித்தறியில் இன்று எஞ்சியிருப்பது என்ன? விழுது பலமுறை மாறிவிட்டது, அச்சு மாறிவிட்டது, நாடா மாறிவிட்டது, பழைய அடை முறை போய்த் தலைக்குமேல் ஜக்கார்டு ஏறிவிட்டது. ஆயினும் அது பாட்டனாரின் தறிதான். வீட்டில் எவரும் அதை வேறு பெயரால் அழைப்பதில்லை. பழைய பொருள் ஒன்றைப் பயன்பாட்டில் வைத்துக்கொண்டே புதுப்பிப்பது எப்படி, எதுவரை மாற்றினால் அது அதுவாகவே இருக்கும் என்ற கேள்வி நெசவாளருக்கும் மாலுமிக்கும் பொதுவானது.

இக்கேள்வியை இலக்கியத்தில் முதன்முதலாக அழகுறக் கையாண்டவர் ஜோசுவா ஸ்லோகம் என்று சொல்லத் துணிகிறேன். 1844இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்து, பின்னர் அமெரிக்கக் குடிமகனாகிப் பெரும் பாய்க்கப்பல்களுக்குத் தலைவராக இருந்தவர் அவர். நீராவிக் கப்பல்கள் பெருகப் பெருகப் பாய்க்கப்பல் தலைவர்களுக்கு வேலை அருகியது. ஐம்பது வயதை நெருங்கும்போது அவர் கரையில் நின்றார். 1892ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் எபன் பியர்ஸ் என்ற திமிங்கில வேட்டைத் தலைவர், பேர்ஹேவனுக்கு வந்தால் ஒரு கப்பல் தருவதாகவும், அதற்குச் சற்றே பழுது பார்க்க வேண்டும் என்றும் அவரிடம் சொன்னார். போய்ப் பார்த்தால், கடலிலிருந்து தள்ளி ஒரு வயலில் முட்டுக்கொடுத்து நிறுத்தி, கித்தான் போர்த்தி வைக்கப்பட்டிருந்தது 'ஸ்ப்ரே' என்ற மிகப் பழைய படகு. அது உலகின் முதலாம் ஆண்டில் கட்டப்பட்டது என்று அக்கம்பக்கத்தார் கேலி பேசினர். நண்பர் தந்த பரிசில் ஒரு நகைச்சுவை ஒளிந்திருந்ததை ஸ்லோகம் சிரித்துக்கொண்டே பதிவு செய்கிறார்.

உலகைத் தனியே பாய்மரத்தில் சுற்றியமை என்று பொருள்படும் தலைப்போடு 1900இல் வெளிவந்த அவருடைய நூல் இப்படித்தான் தொடங்குகிறது. 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 1898 ஜூனில் திரும்பி, ஏறத்தாழ 46,000 மைல் கடந்து, தனியொருவராய் உலகைப் பாய்மரத்தில் சுற்றிய முதல் மனிதர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. அந்த வரலாற்றுப் பெருமையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு முதல் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். அருகில் நின்ற ஓர் ஓக் மரத்தை வெட்டிப் படகின் அடிமரமான ஏராவைச் செய்கிறார். இளமரங்களைச் செதுக்கி, நீராவிப் பெட்டியில் வைத்து இளக்கி, ஒரு மரக்கட்டையின் மேல் வளைத்து வங்குகளாக்குகிறார். ஒன்றரை அங்குலக் கனமுள்ள பைன் பலகைகளை அவற்றின்மேல் பொருத்துகிறார். ஆப்பிள் மரங்கள் பூக்கின்றன. பிறகு செர்ரி பழுக்கிறது. தளத்தில் நின்றபடியே கையை நீட்டிப் பக்கத்துக் கல்லறையின்மேல் வளர்ந்த செர்ரிப் பழங்களைப் பறிக்க முடிகிறது. மாதங்கள் எத்தனை கடந்தன என்று அவர் சொல்லவேண்டிய தேவையே இல்லை. மரங்கள் சொல்லிவிடுகின்றன.

பலகை இடுக்குகளில் பஞ்சும் நாரும் திணித்து அடைக்கும் வேலையைக் கலப்பற்று என்று பழைய அகராதிகள் குறிக்கும். ஸ்லோகம் முதலில் பருத்திப் பஞ்சை அடித்து இறக்கியபோது, வேடிக்கை பார்க்க வந்த முதிய மாலுமிகள் அது வெளியே ஊர்ந்து வந்துவிடும் என்று எச்சரிக்கிறார்கள். அப்பக்கங்களில் உள்ள உரையாடல் நாடகத் தரமுடையது. ஓய்வுபெற்ற தொழிலாளர் நான்கு பேர் ஓர் இளையவனின் வேலையைச் சுற்றி நின்று குறை சொல்லும் காட்சியை நம்மூர்த் தறிக்கூடங்களிலும் காணலாமே! பஞ்சு ஊர்ந்து வரவில்லை என்பதை வாசகர் உலகின் மறுகோடி வரை படகோடு சென்றே அறிந்துகொள்கிறார். இதுவே நல்ல கதைக்கட்டு.

அவர் தந்திருக்கும் கணக்கையும் கவனிக்க வேண்டும். மூலப் பொருள்களுக்குச் செலவு 553 டாலர் 62 சென்ட். தம் சொந்த உழைப்பு பதின்மூன்று மாதம். சென்ட் வரை எழுதியவர், உழைப்புக்கு மட்டும் விலை குறிக்கவில்லை. இது கட்டுபடியாகுமா என்று ஊரார் ஓராண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, கட்டுபடியாக்கிக் காட்டுவேன் என்பதே அவர் விடை. அந்த இரண்டு தொகைகளையும் அவர் ஒன்றாகக் கூட்டாமல் அருகருகே வைத்திருப்பதில் ஓர் ஆழ்ந்த நேர்மை இருக்கிறது. இன்று பழைய படகு வாங்குவோருக்காக மேலை நாடுகளில் அச்சாகும் கையேடுகள் பலவற்றைப் பார்த்தால், எந்தக் கருவியை எப்போது மாற்றுவது, எவ்வளவு ஆகும் என்ற பட்டியலே நூலாகிவிட்டது. அவை பயனுள்ளவை, படிக்கத்தான் முடிவதில்லை.

எதுவரை மாற்றினால் அதுவாகவே இருக்கும் என்ற கேள்விக்கு ஸ்லோகம் தத்துவம் பேசி விடை தேடவில்லை. ஒரு கப்பலைத் துண்டு துண்டாகப் பழுது பார்த்து, முடிவில் முற்றிலும் புதிதாகிவிட்டாலும், பதிவேட்டில் அது பழைய கப்பலாகவே தொடரும் என்ற வழக்கைச் சுட்டிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார். பயணத்தின் நடுவிலும் மாற்றங்கள் நிற்கவில்லை. போனஸ் அயர்ஸில் பாய்மரத்தின் உயரத்தில் ஏழு அடியைக் குறைக்கிறார். பின்னர்ப் படகின் பின்புறத்தில் ஒரு சிறு பாய்மரத்தைச் சேர்க்கிறார். புதியது வேண்டும் என்ற ஆசையால் செய்தவை அல்ல இவை. கடலில் படகு நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துச் செய்தவை. அதன் பயனை நாம் இந்தியப் பெருங்கடலில் காண்கிறோம். வியாழன் தீவிலிருந்து கீலிங் தீவுகள் வரை 2,700 மைல், இருபத்துமூன்று நாள், அவற்றில் சுக்கானைப் பிடித்திருந்த நேரம் ஏறத்தாழ மூன்றே மணி. படகு தானே வழி பிடித்துச் செல்ல, அவர் உள்ளே அமர்ந்து படித்துக்கொண்டிருந்தார். நேரம் பார்ப்பதற்கு இருந்ததோ முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கிடைத்த தகரக் கடிகாரம்!

இந்நூலைப் புகழ்பவர்கள் மறைத்துவிடும் ஒரு பகுதியும் உண்டு. மகெல்லன் நீரிணையில் இரவு நேரத்தில் படகில் ஏற வரும் பூர்வ குடியினரைத் தடுக்கத் தளமெங்கும் கம்பள ஆணிகளைக் கவிழ்த்துத் தூவிவைத்து உறங்கிய நிகழ்ச்சியை ஸ்லோகம் வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார். வெறுங்காலில் ஆணி ஏறியவர்களின் அலறல் அவருக்கு நகைச்சுவை. தம் நிலத்தில் வேட்டையாடப்பட்டு அழிந்துகொண்டிருந்த ஒரு மக்களைப் பற்றிய பக்கங்கள் அவை. மரத்தின் நாடியை இவ்வளவு நுட்பமாக அறிந்த ஒருவர், மனிதரை இவ்வளவு மேலோட்டமாகக் கண்டார் என்பது நூலின் பெருங்குறை. அதை நூற்றாண்டின் மனப்பான்மை என்று சொல்லித் தட்டிக் கழிக்க நான் விரும்பவில்லை.

ஸ்லோகத்துக்குப் பின் எழுபது ஆண்டு கழித்து வந்த நூலொன்று நமக்கு இன்னும் அண்மையானது. ஏனெனில் அதில் வரும் படகு பம்பாயில் பிறந்தது. கப்பல் நிறுவனம் ஒன்றில் அதிகாரியாகப் பணியாற்றிய ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய இளைஞர், 1960களின் முற்பகுதியில் பம்பாய்க் கொலாபாவில் தேக்கு மரத்தில் ஒரு படகு கட்டச் செய்தார். கேட்ட வரைபடம் ஒன்று, தபாலில் வந்த வரைபடம் வேறொன்று. வந்ததையே வைத்துக் கட்டினார்கள். இந்தியத் தச்சர்கள் வாய்ச்சியும் வில் துளைக்கருவியும் கொண்டு செதுக்கிய அந்த முப்பத்திரண்டு அடிப் படகுக்குச் 'சுஹைலி' என்று பெயர். பாரசீக வளைகுடாவின் மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு இட்ட பெயர் அது. 1968 ஜூன் 14இல் பால்மத் துறையிலிருந்து புறப்பட்டு, எங்கும் நில்லாமல், எவர் துணையும் இல்லாமல் உலகைச் சுற்றி 1969 ஏப்ரல் 22இல் அதே துறைக்கு அவர் திரும்பினார். போட்டியில் புறப்பட்டவர் ஒன்பது பேர். முடித்தவர் இவர் ஒருவரே. பரிசுத் தொகையான ஐயாயிரம் பவுனை, அதே போட்டியில் உயிரிழந்த டொனால்டு குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்.

தமக்கென ஓர் உலகம் என்று பொருள்படும் தலைப்பில் 1969இல் அவர் எழுதிய நூலின் நடை, கப்பல் அதிகாரியின் நாட்குறிப்பு நடை. சிந்தனைக்கு அதில் இடம் குறைவு. நிலவையோ தனிமையையோ பற்றி எழுத முயலும் இடங்களில் சொற்கள் மரக்கட்டையாகிவிடுகின்றன. ஆனால் படகு ஒழுகத் தொடங்கியதும் அவர் எழுத்தாளராகிவிடுகிறார். பயணத்தின் தொடக்கத்திலேயே, அட்லாண்டிக்கின் நடுவில், நீர்மட்டத்துக்குக் கீழே பலகை இடுக்கு திறந்துகொள்கிறது. மூச்சடக்கி மூழ்கி, சுத்தியலால் பஞ்சை அடிக்கப் பார்க்கிறார். மூச்சு முடிவதற்குள் பஞ்சு நழுவிவிடுகிறது. பிறகு பஞ்சைக் கித்தான் துண்டில் தைத்து, செப்பு ஆணிகளை அதில் முன்கூட்டியே பதித்துக்கொண்டு இறங்குகிறார். வானொலி பொருத்தியவர்கள் விட்டுப்போன செப்புத் தகட்டை அதன்மேல் அறைகிறார். இடையே ஒரு சுறா வட்டமிடுகிறது. மேலேறித் துப்பாக்கியால் சுட்டுவிட்டு மறுபடியும் இறங்குகிறார். மதிப்புரையாளர் எல்லோரும் எடுத்துக்காட்டுவது சுறாவைத்தான். எனக்கு வியப்பளிப்பது, ஆணிகளை மேலேயே பதித்துக்கொண்டு இறங்கிய அந்த அறிவு.

அந்நூல் முடிந்த பிறகும் சுஹைலியின் கதை முடியவில்லை. 1997இல் அதை இலண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அந்த மண்டபத்தில் தேக்குப் பலகைகள் உலர்ந்து சுருங்கத் தொடங்கின. தென்பெருங்கடல் செய்ய முடியாததை அருங்காட்சியகத்தின் நல்ல காற்று செய்தது! உரிமையாளர் 2002இல் படகை வெளியே எடுத்து, பல்லாண்டுகளாகச் செப்பனிட்டார். துருப்பிடித்த இரும்புப் பிணைப்புகளைக் களைந்து வெண்கலத்தை வைத்தார். 2016இல் அது மீண்டும் நீரில் இறங்கியது. 2018இல், புறப்பட்டு ஐம்பது ஆண்டு நிறைந்த நாளில், பால்மத் துறையில் மிதந்தது. பழையதைப் பேணுதல் என்ற பெயரில் அதைப் பயன்பாட்டிலிருந்து விலக்கிவைக்கும் நம் வழக்கத்துக்கு, கண்ணாடிப் பேழையில் வைத்த பட்டு மடிப்பில் கிழிவதைப் பார்த்திருக்கும் காஞ்சி மக்களுக்கு, இந்த நிகழ்ச்சிக்கு உரை தேவையில்லை.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தின் வடகரையில் உள்ள வல்வெட்டித்துறை, பாய்க்கப்பல் கட்டுவதில் பெயர்பெற்ற ஊர். அங்கே 1930 வாக்கில் கட்டப்பட்ட 'அன்னபூரணி', ஏறத்தாழத் தொண்ணூறு அடி நீளமுள்ள வணிகப் பாய்க்கப்பல். 1928 முதல் 1931 வரை 'ஸ்வாப்' என்னும் முப்பத்திரண்டு அடிப் படகில் உலகைச் சுற்றிய அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் இதை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மறுபெயரிட்டார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் சூயஸ் வழியாக மத்தியதரைக் கடலுக்கும், அங்கிருந்து அட்லாண்டிக்குக்கும் செலுத்திச் சென்றனர். 1938 ஆகஸ்டு 1ஆம் நாள் அது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறையை அடைந்தது. தமிழர் கையால் கட்டப்பட்டுத் தமிழர் கையால் செலுத்தப்பட்ட பாய்க்கப்பல் அமெரிக்கக் கரையைத் தொட்டது என்பது பெருமைக்குரிய செய்தி, ஐயமில்லை.

அப்பெருமையே நம் எழுத்துக்குத் தடையாகிவிட்டதோ என்று நான் அஞ்சுகிறேன். அன்னபூரணியைப் பற்றித் தமிழில் நான் படித்த கட்டுரைகளும் விழா உரைகளும் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. புறப்பட்ட நாள், சேர்ந்த நாள், கடந்த கடல்கள், வெள்ளையர் வியந்த வியப்பு, முடிவில் திரைகடல் ஓடிய தமிழனுக்கு ஒரு வாழ்த்து. கலப்பற்று எந்தத் துறையில் எத்தனை முறை செய்யப்பட்டது, வெப்பக் கடலுக்கென அமைந்த பலகைகள் குளிர்க்கடலில் எப்படி நடந்துகொண்டன, பழக்கமில்லாத காற்றுக்குப் பாயை எப்படி மாற்றிக் கட்டினார்கள் என்பவை அக்கட்டுரைகளின் அக்கறையில் இல்லை. கப்பல் அவற்றில் ஒரு கொடியாக இருக்கிறது, மரமாக இல்லை.

இதற்கு எழுதியவர்களின் கவனக்குறைவு மட்டும் காரணம் அன்று. ஸ்லோகத்திடம் கட்டிய கை, உரிமை கொண்ட கை, சுக்கான் பிடித்த கை, எழுதிய கை நான்கும் ஒன்றே. நாக்ஸ்-ஜான்ஸ்டனிடம் கட்டிய கை மட்டும் வேறு. அது பம்பாய்த் தச்சருடையது. ஒழுகியபோது அவரே மூழ்கி அடைத்ததால், அந்த அடைப்பு அவர் பக்கத்தில் வந்துவிட்டது. வாய்ச்சி பிடித்த கைகளின் வாழ்க்கை அவருடைய நூலின் பொருளாக முடியாது. அன்னபூரணியில் கட்டியவர் வல்வெட்டித்துறை மேத்திரிமார்; வாங்கியவர் ராபின்சன்; கடல் கடத்தியவர்கள் கூலிக்குச் சென்ற மாலுமிகள்; எழுதியவர்களோ அமெரிக்கச் செய்தியாளர்கள். ஒழுக்கு எங்கே என்று அறிந்த மனிதரிடம் எழுதுகோல் இல்லை. எழுதுகோல் இருந்தவருக்கு ஒழுக்கைப் பற்றிய கவலை இல்லை. பெயர் மாற்றத்தை மட்டும் எல்லோரும் குறித்துவைத்தார்கள். அதற்கு உளியும் சுத்தியலும் வேண்டியதில்லை அல்லவா?

கையும் எழுத்தும் மீண்டும் நெருங்கிவந்த இடம் ஒன்று தமிழில் உண்டு. உவரியில் பிறந்து, கப்பல் வணிகத் துறையில் பணியாற்றும் ஜோ டி குரூஸ் 2009இல் வெளியிட்ட 'கொற்கை' என்ற நாவலைச் சொல்கிறேன். 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நூல் நம் பரதவ மக்களின் இருபதாம் நூற்றாண்டை, தூத்துக்குடித் துறைமுகத்தை நடுவில் வைத்துச் சொல்கிறது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அப்பெருங்கூட்டத்தில் யார் யாருடைய மகன் என்பது எனக்கு மூன்று முறை குழம்பியது. இரண்டாம் வாசிப்பிலும் முழுதாகத் தெளியவில்லை. பாத்திரங்கள் தோன்றும் வேகத்தில் மறைகின்றன. ஆயினும் தோணியை வெறும் பின்னணியாக நிறுத்தாமல் குடும்பத்தின் சொத்தாகவும் கடனாகவும், வழக்காகவும் வாழ்வாகவும் காட்டிய தமிழ் நாவல்களுள் அதற்கு முதலிடம் தருவேன். ஒரு தோணிக்கு உரிமையாளராவதும் அதைக் கடலில் நிறுத்திவைப்பதும் இருவேறு காரியங்கள் என்பது அந்நாவலைப் படித்தவர்க்குப் புரியும்.

தூத்துக்குடித் தோணிகளின் பிற்கால வரலாறு புதுப்பித்தல் என்ற சொல்லுக்கே ஒரு சோதனை. கொழும்புக்குப் பாய் விரித்து ஓடிய தோணிகளில் முதலில் பாய்க்குத் துணையாக இயந்திரம் ஏறியது. பிறகு இயந்திரத்துக்குத் துணையாகப் பாய் நின்றது. உடல் அதே மரம், உயிர் வேறு. காற்றைப் படிக்கத் தெரிந்த தண்டலின் அறிவு அந்த மாற்றத்தில் எவ்வளவு தேவையற்றதாகிப் போயிற்று! ஸ்லோகம் பாய்மரத்தில் ஏழு அடி குறைத்தபோது அவருடைய படகு தன் இயல்பில் இன்னும் நிறைவு பெற்றது. இங்கே நிகழ்ந்தது அதுவன்று. இயந்திரத்தை வேண்டாமென்று சொல்ல நான் யார்? கடலில் பிழைப்பவர்கள் காற்றுக்காகக் காத்திருந்து கடனாளியாக வேண்டும் என்று கரையில் இருப்பவன் விரும்புவது கொடுமை. இழந்த அறிவுக்கு ஒரு பக்கமாவது எழுதப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. 'கொற்கை'யிலும் அப்பக்கம் நான் எதிர்பார்த்த அளவுக்கு விரிவாக இல்லை.

ஸ்லோகத்தின் நூல் நூற்றாண்டைக் கடந்துவிட்டதால் பதிப்புரிமைத் தடை ஏதுமின்றி எவரும் மொழிபெயர்க்கலாம். 1909 நவம்பரில் அதே 'ஸ்ப்ரே'யில் புறப்பட்ட அவர் திரும்பவே இல்லை. கடைசி ஆண்டுகளில் படகு பேணப்படாமல் தளர்ந்திருந்ததைப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், அவர் எழுதவில்லை. மொழிபெயர்க்க முன்வருபவர் அகராதியை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். ஏரா, வங்கு, ஆஞ்சான், தாமான், கலப்பற்று என்று நூலுக்கு வேண்டிய சொற்கள் தூத்துக்குடி ஓடாவிகளிடமும் வல்வெட்டித்துறை முதியவர்களிடமும் இருக்கின்றன. அவர்களில் ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு முதல் அத்தியாயத்தை உரக்கப் படித்துக் காட்டட்டும். பருத்திப் பஞ்சு ஊர்ந்து வெளியே வருமா, வராதா என்பதில் தொடங்கினால் போதும். அந்த ஓடாவிக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும்.